மங்களம் மாமி தராத ரவிக்கைத் துணி

தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் ஓர் அப்பளக் கடைக்கு மேல், செங்குத்தான படிகளில் ஏறி இரண்டு முறை மூச்சு வாங்கினால் வக்கீல் வைதேஹியின் அலுவலகம் வரும். ஒரு ஜன்னலைத் திறந்தால் காப்பிப்பொடி மணக்கும். எதிர் ஜன்னலைத் திறந்தால் மீன் கடை. காற்று அடிக்கும் திசையைப் பொறுத்துக் கட்சிக்காரர்களின் முகம் மாறும். வைதேஹியின் முகம் மட்டும் மாறாது. இருபது வருஷம் கிரிமினல் கோர்ட்டில் நின்றவர். இடி விழுந்தாலும், எந்தத் தேதியில் விழுந்தது, யார் பார்த்தது என்றுதான் கேட்பார்.

அவருக்குச் சம்பளமில்லாத குமாஸ்தா ராமமூர்த்தி. அறுபத்தெட்டு வயது. ஓர் அமைச்சகத்தில் முப்பத்தெட்டு வருஷம் கோப்பு தள்ளியவர். அவர் ஓய்வு பெற்ற மறுநாள் மத்திய அரசு ஏறக்குறைய கவிழ்ந்துவிட்டது என்பது அவருடைய கணிப்பு. செய்தித்தாள்கள் அதை மறைத்துவிட்டன. வீட்டில் மனைவி விஜயலக்ஷ்மியின் காலடியில் இடறிக்கொண்டே இருந்ததால், "எங்கேயாவது போய் உக்காந்துட்டு வாங்கோளேன்" என்று அவர் இங்கே அனுப்பப்பட்டார். ஒரு கொலையாவது வராதா என்று நான்கு வருஷமாகக் காத்திருக்கிறார். வந்ததெல்லாம் செக் பவுன்ஸ்.

அந்தத் திங்கட்கிழமை காலை வேலு வந்தார். கை நிறையப் பெயிண்ட் கறை. ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து கோடு போட்ட வெள்ளைத் தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"வக்கீலம்மா, கேஸ் நடத்தச் சொல்லி வரல. ஒரே ஒரு வரி ஹிந்தியில எழுதித் தரணும்."

"என்ன வரி?"

"'தப்பு நடந்துபோச்சு சாப், இனிமே நடக்காது, மன்னிச்சு விட்ருங்க.' நமக்கும் ஹிந்தி வரும்மா. ஆனா அது சுண்ணாம்பு அடிக்கிற ஹிந்தி. ஜட்ஜு சாப் முன்னாடி சுத்தமா சொல்லணுமில்ல?"

"யார் சொல்லணும்?"

"பவுனு. எம் பொண்டாட்டி. புதன்கிழமை கோர்ட்டு."

"என்ன தப்பு நடந்தது?"

வேலு தரையைப் பார்த்தார். "ஒண்ணும் நடக்கலம்மா."

ராமமூர்த்தி நாற்காலியை இரண்டடி முன்னால் இழுத்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். பவுனு கிட்வாய் நகரில் மூன்று வீடுகளில் வேலை செய்கிறாள். அதில் ஒரு வீட்டில், புதிய அடுக்குமாடிக் குடியிருப்பின் ஏழாவது மாடியில், மாமியின் வைரத்தோடு காணாமல் போய்விட்டது. போன புதன்கிழமை, சரஸ்வதி பூஜையன்று மத்தியானம் அவள்தான் உள்ளே வந்து போனாள் என்று புகார். வெள்ளிக்கிழமை கைது, இப்போது ஜெயிலில். கோர்ட் வாசலில் டைப் அடிக்கும் ஒருவர், "பையா, வக்கீல் வெச்சா வருஷக்கணக்கா இழுக்கும். கையைக் கூப்பி ஒத்துக்கச் சொல்லு. ஜட்ஜு இரக்கப்பட்டு அனுப்பிடுவார்" என்று யோசனை சொல்லியிருக்கிறார்.

"ரெண்டு பசங்க அழுதுட்டு இருக்குதுங்க. அவ வூட்டுக்கு வந்தாப் போதும்."

"எந்த வீடுன்னு சொன்னே?" என்றார் ராமமூர்த்தி.

"மங்களம் மாமி வூடு சார். அவங்க மவன் கௌஷிக் சாரோட குவார்ட்டர்ஸு."

ராமமூர்த்தி துள்ளி எழுந்ததில் மேஜை ஆடியது. "நம்ம வாசுதேவனோட ஆத்துக்காரி! மேடம், வாசுதேவன் என் செக்‌ஷன். பாவம், மூணு வருஷம் ஆச்சு அவன் போய். சரஸ்வதி பூஜை சாயங்காலம் நானும் விஜயாவும் அவா கொலுவுக்குப் போயிருந்தோம். கொண்டைக்கடலை சுண்டல், அடடா, அதுக்காகவே ஒரு தேசத்தை எழுதிக் கொடுக்கலாம். ஆனா விஜயாவுக்கு மட்டும் மனசு ஆறலை. வெத்தலைப் பாக்கு கொடுத்தா, ரவிக்கைத் துணி கொடுக்கலை. 'நாளைக்கு வாங்கோ, தரேன்'னுட்டா மாமி. ஆறு நாளா எங்காத்துல அதுதான் பேச்சு. அப்புறம் அந்த மாட்டுப்பொண் ஷ்ருதி. கொலுவும் அதுவுமா இடது காதுல பிளாஸ்திரியோட நிக்கறாளாம். அதுவும் விஜயாவோட புகார்ப் பட்டியல்ல இருக்கு."

"மாமி அன்னிக்கு எப்படி இருந்தாங்க?"

"சந்தோஷமா. என் லைஃப் சர்ட்டிஃபிகேட் பாரத்தைப் பார்த்துச் சொல்லுங்கோன்னு நீட்டினேன். வாசுதேவன் பென்ஷனுக்கு மாமிதானே எல்லாம் எழுதறா? கையாலேயே தொடலை."

வைதேஹி தலையசைத்துவிட்டு எஃப்.ஐ.ஆர். நகலைக் கேட்டார். வேலு எடுத்துக் கொடுத்தார். ஹிந்தியில் டைப் செய்த ஒன்றரைப் பக்கம். வைதேஹி அதை ஒரு முறை படித்தார். மறுபடி முதலிலிருந்து, பென்சிலுடன் படித்தார். ராமமூர்த்தியின் கணக்கில் அதற்குள் ஒரு யுகம் முடிந்து அடுத்தது தொடங்கிவிட்டது. ஒரு வரியின் கீழே பென்சில் மெல்லக் கோடு போட்டது.

"இதை யாராவது உங்களுக்குப் படிச்சுக் காட்டினாங்களா?"

"இல்லம்மா. எல்லாரும் கையெழுத்துப் போடுன்னாங்க. படின்னு யாரும் சொல்லல."

"வேலு, வேலை செய்யற வீட்டுல திருடினா ஏழு வருஷம் வரைக்கும் தண்டனை உண்டு. அந்த வரியைச் சொன்னா வீட்டுக்கு அனுப்புவாங்கன்னு எந்தச் சட்டத்துலயும் இல்லை."

வேலுவின் முகம் வெளுத்தது. "வக்கீலுக்குக் கொடுக்க எங்ககிட்ட..."

"பொம்பளைங்களுக்கு அரசாங்கமே இலவசமா வக்கீல் கொடுக்கணும். கேக்கலாம்னே உங்களுக்குச் சொல்லலை. இதுல நானே நிக்கறேன். அதை விடுங்க. பவுனு அந்த வீட்டுக்கு, பூஜை நடந்த புதன்கிழமைக்கு முன்னாடி எப்பப் போனா?"

"அதுக்கு முந்தின வியாழக்கிழமம்மா. வெள்ளிக்கிழம டெங்கு காய்ச்சல்னு ஆஸ்பத்திரியில சேத்துட்டேன். செவ்வாய் சாயங்காலந்தான் விட்டாங்க. படுத்துக்கடின்னா கேக்கல. கொலு வூடு, பாத்திரம் மலையாக் கெடக்கும்னு புதன்கிழம கெளம்பிட்டா."

"சீட்டு இருக்கா?"

பிளாஸ்டிக் பையிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டு வந்தது. சேர்த்த தேதி, விட்ட தேதி, முத்திரை. போலீஸ் அதைக் கேட்கவே இல்லை.

வைதேஹி வேலுவின் வெள்ளைத் தாளை மட்டும் திருப்பிக் கொடுக்காமல் மேஜை இழுப்பறையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை ஜெயிலில் பவுனுவைப் பார்த்தபோது அவள் முதலில் கேட்டது, "அந்த வரி எழுதிட்டீங்களாம்மா?" என்றுதான்.

"எழுதலை. நீங்க எடுத்தீங்களா?"

"எடுக்கலம்மா. ஆனா எடுத்தேன்னாத்தான் வூடுன்னா, சொல்லிட்டுப் போறேன். ஒரு வார்த்தைதான?"

"அந்த ஒரு வார்த்தைக்கு அப்புறம் தில்லியில எந்த வீடும் உங்களுக்குக் கதவு திறக்காது. வேலைக்குச் சேர்க்கறதுக்கு முன்னாடி போலீஸ் பாரம் கேக்கறாங்க இல்ல? அதுல ஒவ்வொரு தடவையும் அந்த வார்த்தை வரும். பூஜையன்னிக்கு அங்க என்ன செஞ்சீங்க, அதை மட்டும் சொல்லுங்க."

பவுனு யோசித்தாள். "பாத்திரம் தேச்சேன். ரூம் தொடச்சேன். ஹாலுக்கு வந்தா மாமி பூஜை முன்னாடியே உக்காந்திருக்காங்க. நவுரவே இல்ல. அவங்களச் சுத்தித்தான் தொடச்சேன். போலீஸ்ல இத சொல்ல வந்தேம்மா. அவங்க கேள்வி கேக்கல, பதிலத்தான் சொன்னாங்க."

வெளியே வந்ததும் ராமமூர்த்தி காத்துக்கொண்டிருந்தார். இரவெல்லாம் தூங்காமல் மூன்று சித்தாந்தங்கள் தயாரித்திருந்தார். ஒன்றில் சுண்டல்கூட சந்தேகத்துக்கு உட்பட்டிருந்தது. "மேடம், எல்லாரையும் ஹால்ல வரிசையா உக்கார வெச்சு, நடுவுல நின்னு, 'திருடன் இந்த அறையிலேதான் இருக்கான்'னு நீங்க சொல்லணும். நான் கதவை அடைச்சுண்டு நிப்பேன்."

"திருடனைக் கண்டுபிடிக்கறது என் வேலை இல்லை, சார். அது போலீஸ் வேலை. பவுனு மேல சொன்னது நிக்குமா நிக்காதான்னு பாக்கறதுதான் என் வேலை. விஜயா மாமிக்கு ரவிக்கைத் துணி ஏன் கிடைக்கலைன்னு தெரிஞ்சா போதும்."

ராமமூர்த்திக்கு வாய் அடைத்துப்போனது. அது வரலாற்றில் பதிய வேண்டிய நிகழ்ச்சி.

சாயங்காலம் ஏழாவது மாடிக் கதவைத் திறந்தவர் மங்களம் மாமியேதான். வைதேஹி வாசலுக்கு வெளியே நின்றபடியே சொன்னார்: "நான் பவுனுவோட வக்கீல். நீங்க என்கிட்டப் பேசணும்னு கட்டாயம் இல்லை. வேண்டாம்னா இப்பவே போயிடறேன்."

"நாலு நாளா எனக்கே தொண்டைல சோறு இறங்கலை. உள்ள வாங்கோ. ராமமூர்த்தி, நீங்களும்."

கொலுப்படிகளைப் பிரித்துச் சுவரோரம் சாய்த்திருந்தார்கள். சோபாவில் கௌஷிக், ஆபீஸ் அடையாள அட்டை கழுத்தில் தொங்க. அவனருகில் ஷ்ருதி. முடியை இடது காதின்மேல் இழுத்துவிட்டிருந்தாள்.

"மேம், கம்ப்ளெயின்ட் போலீஸ்கிட்ட இருக்கு. நாங்க என்ன சொல்றது?" என்றான் கௌஷிக். தில்லியில் பிறந்து, ஹாஸ்டல்களில் படித்து, ஷில்லாங்கிலும் போபாலிலும் வேலை பார்த்துவிட்டுப் போன வருஷம்தான் அம்மாவோடு சேர்ந்து குடியிருக்க வந்தவன்.

"ஒரே ஒரு சந்தேகம், மாமிகிட்ட. கொலுவன்னிக்கு இவரோட ஆத்துக்காரிக்கு ரவிக்கைத் துணி கொடுக்கலையாமே?"

மாமி கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, விஜயா இன்னும் நினைச்சுண்டிருக்காளா? துணி பீரோவுல இருந்தது. பீரோ சாவி பூஜையில இருந்தது. எப்படி எடுப்பேன்?"

"சாவியைப் பூஜையில வைப்பீங்களா?"

"ஆயுத பூஜை ஆச்சே! அவர் இருந்தவரைக்கும் அவர் பேனா. அவர் போனப்புறம் இந்தப் பீரோ சாவியும் என் மூக்குக் கண்ணாடியும். புஸ்தகத்துக்கு மேல வெச்சு, பட்டுத் துணி போத்தி, பூ சாத்தி, காலம்பர ஏழு மணிக்கெல்லாம் ஆயாச்சு. மறுநாள் புனர்பூஜை பண்ணித்தான் தொடணும். அன்னிக்குப் படிக்கவும் கூடாது, எழுதவும் கூடாது. வேற என்ன பண்ண? அது முன்னாடியே உக்காந்து, தெரிஞ்ச ஸ்லோகமெல்லாம் சொல்லிண்டிருந்தேன்."

"அதான் என் பாரத்தையும் தொடலை!" என்று கத்தினார் ராமமூர்த்தி. கொலுப்படி ஒன்று நழுவி விழுந்தது.

"விஜயதசமி காலைல பட்டுத் துணியும் பூவும் எப்படி இருந்தது?"

"வெச்சது வெச்சபடி. ஒரு இதழ் நகரலை. சாவியை எடுத்துப் பீரோவைத் திறந்தேன், தோட்டுப் பெட்டி காலி."

"அதுக்கு முன்னாடி தோட்டை எப்பப் பார்த்தீங்க?"

"திங்கட்கிழமை ராத்திரி கழட்டி வெச்சேன்."

வைதேஹி எஃப்.ஐ.ஆர். நகலை எடுத்து மாமியிடம் நீட்டினார். "கோடு போட்ட வரியை மட்டும் படியுங்க. கீழ உங்க கையெழுத்து இருக்கு."

மாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முப்பது வருஷம் தில்லிப் பள்ளிக்கூடங்களில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். ஹிந்தி தடங்கல் இல்லாமல் வந்தது. 'புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு நான் பீரோவைத் திறந்தபோது தோடு பெட்டியில் இருந்தது.' படித்துவிட்டு, அதே வரியை மறுபடியும் படித்தார்.

"இது நான் சொல்லலையே! பதினோரு மணிக்குச் சாவி அம்பாள்கிட்ட இல்லையோ இருந்தது?"

"கையெழுத்து?"

"கௌஷிக் நீட்டினான், போட்டேன். ஊரார் பரீட்சைப் பேப்பரையெல்லாம் வரி வரியாத் திருத்தினேன். என் பிள்ளை எழுதினதை மட்டும் படிக்கலை."

வைதேஹி அதே குரலில் பேசினார்.

"இந்தக் கேஸ் மொத்தமும் அந்தப் பதினோரு மணி மேலதான் நிக்கறது. பதினோரு மணிக்குத் தோடு இருந்தாத்தான், ரெண்டு மணிக்கு வந்த பவுனு எடுத்திருக்க முடியும். அந்த வரியை எடுத்துட்டா, தோட்டைக் கடைசியா யாராவது பார்த்தது திங்கட்கிழமை ராத்திரி. வெள்ளியிலேருந்து செவ்வாய் சாயங்காலம் வரைக்கும் பவுனு ஆஸ்பத்திரியில படுத்திருந்தா. சீட்டு இருக்கு. புதன்கிழமை அவ வந்தப்போ சாவி பட்டுத் துணிக்கு அடியில, நீங்க அதுக்கு எதிர்ல. நாளைக்கு நான் சொல்லப்போறது இவ்வளவுதான்."

"அப்போ செவ்வாய்க்கிழமை, அஷ்டமியன்னிக்கு..." மாமியின் குரல் இறங்கியது. "அன்னிக்கு நான்தானே சாவியை ஷ்ருதிகிட்டக் கொடுத்தேன். டாண்டியா கோலாட்டம் ஆடப் போறேன், பட்டுப் புடவை எடுத்துக்கறேன்னா."

எல்லோர் பார்வையும் ஷ்ருதியின் காதுப் பக்கம் போனது. அவள் கை தானாக மேலே போய் முடியை விலக்கியது. பிளாஸ்திரி இப்போது சிறியதாகியிருந்தது.

"அம்மா, நான்..."

"ஏக் மினிட், நான் சொல்றேன்," என்று கௌஷிக் எழுந்தான். "மேம், ஆக்சுவலி என்ன ஆச்சுன்னா..."

"நிறுத்துங்க," என்றார் வைதேஹி.

ராமமூர்த்தி தன் ஆயுள் முழுக்கக் காத்திருந்த கணம் அது. குற்றவாளி வாயைத் திறந்துவிட்டான். துப்பறிகிறவர் மூடச் சொல்கிறார்! அவர் மார்பைப் பிடித்துக்கொண்டார்.

"நான் உங்க வக்கீல் இல்லை, கௌஷிக். உங்க எதிர்த்தரப்பு. என்கிட்ட இப்ப நீங்க சொல்ற ஒவ்வொரு வார்த்தையும் நாளைக்கு உங்க மேல திரும்பும். பேசறதுக்கு முன்னாடி உங்களுக்குன்னு ஒருத்தரைக் கேளுங்க. ரெண்டு பேருமே."

ஆனால் ஷ்ருதியால் முடியவில்லை. அவள் வைதேஹியிடம் சொல்லவில்லை, மாமியாரிடம் சொன்னாள். "உங்களைக் கேக்காம புடவையோட தோட்டையும் எடுத்துப் போட்டுண்டு போனேன். ஆடறப்போ ஒரு பொண்ணோட கோல் காதுல பட்டுது, அம்மா. ரத்தம். கூட்டத்துல தோடு எங்கயோ விழுந்துடுத்து. விடியற வரைக்கும் தேடினோம். இன்னொண்ணு என் பர்ஸ்லயே இருக்கு. நீங்க கல்யாணத்துக்குப் போட்டுண்ட தோடு. எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

மாமி எஃப்.ஐ.ஆர். நகலை மடித்து வைதேஹியிடம் கொடுத்தார். பிறகு மகனைப் பார்த்தார். "தோடு தொலைஞ்சா ஒரு வாரம் அழுதிருப்பேன்டா. அதுக்கு ஒரு பொம்மனாட்டியை ஜெயிலுக்கு அனுப்புவியா?"

"அவ பேரை நான் எழுதலைம்மா. மெய்ட் வந்தாள்னு மட்டும்தான்... அஷ்டமி ராத்திரி பேச்சே வரக்கூடாதுன்னுதான் அந்தப் பதினோரு மணி டைம்..." அவன் வைதேஹியைப் பார்த்து, பாதியில் நிறுத்திக்கொண்டான்.

மாமி எழுந்து கண்ணாடியைக் கூட்டில் போட்டார். "நாளைக்கு எத்தனை மணிக்குக் கோர்ட்டு?"

புதன்கிழமை நடந்ததை ராமமூர்த்தி இன்றைக்கும் சொல்லும்போது, கோர்ட்டில் ஆயிரம் பேர் இருந்தார்கள், மாஜிஸ்ட்ரேட் எழுந்து நின்றார், வெளியே மழை பெய்தது. உண்மையில் பதினோரு நிமிஷம் ஆயிற்று. வைதேஹி ஒரு வரியைப் படித்தார், ஓர் ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினார். தோட்டைப் பறிகொடுத்த மாமியே முன்னால் வந்து, அந்த வரியைத் தான் சொல்லவில்லை என்றார். மாஜிஸ்ட்ரேட் விசாரணை அதிகாரியைப் பார்த்து, "இந்தச் சீட்டை நீங்கள் கேட்டீர்களா?" என்றார். விசாரணை அதிகாரி தன் காலணியின் நுனியில் பதில் தேடினார். பவுனுவுக்கு ஜாமீன் கிடைத்தது. மாமியின் புதிய வாக்குமூலத்தைப் பதிவு செய்து, மறுபடி விசாரிக்க உத்தரவாயிற்று.

வெள்ளிக்கிழமை அப்பளக் கடை மாடியில் பவுனுவும் வேலுவும் ஜாமீன் காகிதங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். பவுனு இன்னும் மெலிவாகத்தான் இருந்தாள். ஆனால் ஒவ்வொரு காகிதத்தையும் வைதேஹி படித்துச் சொல்லி முடித்த பிறகே கையெழுத்துப் போட்டாள். மூன்றாவது காகிதத்தில் ஒரு வரியை மறுபடி படிக்கச் சொன்னாள்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கௌஷிக். கையில் இரண்டு பொட்டலங்கள்.

"அம்மா கொடுக்கச் சொன்னா. ஒண்ணு விஜயா மாமிக்கு." ராமமூர்த்தி அதைப் பறித்த வேகத்தில் மேஜையிலிருந்த காகிதங்கள் பறந்தன. மாம்பழ நிறத்தில் ரவிக்கைத் துணி. வீட்டில் இனி அமைதி. "இன்னொண்ணு பவுனுவுக்கு."

பவுனு கை நீட்டவில்லை. அவன் அதை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டான். இரண்டு நாளில் பத்து வயது கூடியிருந்தான்.

"மேம், நாளைக்கு போலீஸ் தாணாவுக்கு வரச் சொல்லியிருக்காங்க. பொய் கம்ப்ளெயின்ட்னு கேஸ் ஆகலாமாம். என் வேலையே போயிடும். நான் நேரா போய் ஸாரி சொல்லிடலாம்னு இருக்கேன். 'கல்தி ஹோ கயி, மாஃப் கர் தீஜியே.' தப்பு நடந்துபோச்சு, மன்னிச்சு விட்ருங்கன்னு. அவ்வளவுதானே? வக்கீல் வெச்சா இன்னும் பெரிசாகும்னு ஆபீஸ்ல சொல்றாங்க."

வேலு நிமிர்ந்து பார்த்தார். ராமமூர்த்தியின் வாய் திறந்தது; மனசுக்குள் அவர் அவனை ஏற்கெனவே தூக்கிலிட்டு, அதற்குக் கோப்பும் போட்டுவிட்டிருந்தார். "மேடம், இவனுக்கு நீங்க ஒண்ணும்..."

அதற்குள் பவுனு பேசினாள். கோபமாக இல்லை. எரிகிற அடுப்பில் கை வைக்கப் போகிறவரைத் தடுப்பதுபோல.

"சார், அந்த வரிய நானும் சொல்லப் பாத்தேன். வேணாம். எழுதி வெச்சது என்னன்னு மொதல்ல ஒருத்தர் உங்க பக்கம் உக்காந்து படிக்கணும். நீங்க செஞ்சது ஒண்ணு இருக்கும். அவங்க எழுதுறது பத்து இருக்கும்."

"ஆனா நான் தப்புப் பண்ணினேனே," என்றான் கௌஷிக், மெதுவாக.

"அப்பன்னா இன்னும் நல்ல வக்கீலாப் பாருங்க."

வைதேஹி இழுப்பறையைத் திறந்தார். வேலு கொண்டுவந்த கோடு போட்ட வெள்ளைத் தாள் அப்படியே இருந்தது. அதில் சாகேத் கோர்ட்டில் இருக்கும் வேறொரு வக்கீலின் பெயரையும் ஃபோன் நம்பரையும் எழுதிக் கௌஷிக்கிடம் நீட்டினார்.

"நான் பவுனுவோட வக்கீல், உங்களுக்கு நிக்க முடியாது. இன்னிக்கே இவரைப் பாருங்க. அதுவரைக்கும் யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசாதீங்க. இவர்கிட்டயும்தான்," என்று ராமமூர்த்தியைக் காட்டினார்.